செவி யாருடையது? நாஞ்சில் நாட்டு அரிசி ஆலையும் ஒரு திருகின் வரலாறும்

"உரக்கச் சொல்லு மக்கா, செவி கேக்காது."

நலவாரிய ஓய்வூதியப் படிவம் நிரப்பப் போன இடத்தில் அந்தப் பாட்டா எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. நாகர்கோவிலுக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். தவிடு வந்து விழும் மூலையில் சாக்குப் பிடிப்பது அவர் வேலை. அந்த மூலைக்குத் தவிட்டைத் தள்ளிக்கொண்டு வருவது ஒரு ஸ்க்ரூ கன்வேயர்.

ஸ்க்ரூ கன்வேயரைப் பார்த்திராத தோழர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். நீளமான இரும்புத் தொட்டி ஒன்று. அதற்குள் ஒரு தண்டு. தண்டைச் சுற்றித் திருகாணியின் மரை போல வளைந்து போகும் தகடு. மோட்டார் தண்டைச் சுற்றினால் தொட்டியில் கிடக்கும் நெல்லோ உமியோ தவிடோ மெல்ல மெல்ல முன்னால் நகரும். அரிசி ஆலை, மாவு ஆலை, தீவன ஆலை, சிமெண்ட் ஆலை எல்லாவற்றிலும் இது உண்டு. ஒழுங்காகப் பராமரித்தால் அடக்கமாக ஓடும் எந்திரம். பராமரிக்காவிட்டால் இரும்பை இரும்பால் அரைப்பது போலக் கத்தும்.

"மத்த மெஷின் எல்லாம் ஒருமாதிரிச் சத்தம். அந்த ஸ்க்ரூ இருக்கே, அது நாள் முழுக்கக் கீறிக்கிட்டே கெடக்கும்" என்றார் பாட்டா. பிறகு சொன்னார்: "இப்ப பேத்தி என்ன சொல்லுதான்னு அவளுக்க அம்மை திருப்பிச் சொன்னாத்தான் தெரியும்."

நாங்கள் நிரப்பிய படிவத்தில் வயதுக்குக் கட்டம் இருந்தது, தொழிலுக்குக் கட்டம் இருந்தது, சாதிச் சான்றிதழ் எண்ணுக்கும் கட்டம் இருந்தது. தொலைந்துபோன செவிக்குக் கட்டம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியது.

சத்தத்துக்கும் சாதி உண்டு

எந்திரம் வருவதற்கு முன்பே நம் மண்ணில் ஒலி சாதிப்படி பங்கிடப்பட்டிருந்தது. யார் சத்தம் போடலாம், யார் வாய் பொத்த வேண்டும், யார் கட்டாயமாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று விதி இருந்தது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நிலம். அந்தத் திருவிதாங்கூரில் வாழ்ந்த லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மெட்டீர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். புலையர் ஒருவர் வழியில் நடக்கும்போது, தான் வருவதை மற்றவர்களுக்குத் தெரிவிக்கக் கூவிக்கொண்டே போக வேண்டும். எதிரிலிருந்து மேல்சாதிக்காரரின் கூவல் கேட்டால் வழியை விட்டு விலகிக் காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ இறங்கி நிற்க வேண்டும். பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்று சொல்ல வேண்டும். தன் சோற்றைச் 'சோறு' என்று சொல்லவும் உரிமை இல்லை. அதற்கென்று தாழ்ந்த சொல் ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது.

நெல்லை விதைத்தவருக்கும் அறுத்தவருக்கும் சோறு என்ற சொல் மறுக்கப்பட்ட நிலம் இது. நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்த அந்த வயல்களோடு சேர்த்து மனிதர்களும் விற்கப்பட்டார்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில் அடிமை விற்பனை ஆவணங்கள் இருப்பதை நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்துக் காட்டியிருக்கிறார். 1812-இல் ராணி லட்சுமிபாய் அடிமை விற்பனைக்குத் தடை போட்டபோதும், நிலத்தோடு கட்டப்பட்ட உழவு அடிமைகளுக்கு விலக்கு வைத்தார்கள். அதாவது, நெல் விளைவித்தவர்களுக்கு விடுதலை இல்லை. அவர்களுக்கான முழு ஒழிப்பு அறிவிப்பு 1855-இல்தான் வந்தது.

பறையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சாவுக்கும் திருவிழாவுக்கும் தண்டோராவுக்கும் அடிக்க வேண்டியவர்கள் நாம். எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆகவே ஒலியின் மீதான உரிமையும் நம் முன்னோர் நடத்திய போராட்டத்தின் ஒரு பகுதி. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கம் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபேயைத் தம் ஊருக்கு வரவழைத்தார். 1809-இல் அங்கே தேவாலயம் எழுந்தது. வாய் பொத்தி நிற்கச் சொல்லப்பட்ட மக்கள் ஒரு கூரையின்கீழ் உட்கார்ந்து வாய் திறந்து பாடினார்கள். நம் மாவட்டத்தில் அது எத்தனை பெரிய மாற்றம் என்பதை யோசித்துப் பாருங்கள். 1893-இல் அய்யன்காளி வெங்கானூரில் வில்லுவண்டி பூட்டிப் பொதுவழியில் ஓட்டினார். கூவிக்கொண்டு ஒதுங்க வேண்டிய வழியில், ஒதுங்காமல் வண்டிச் சத்தத்தோடு போனார். அந்த ஓசைதான் மேல்சாதியினரை அடிதடிக்கு இழுத்தது.

திருகு வந்த வழி

இனி அந்த எந்திரத்தின் கதைக்கு வருவோம். ஸ்க்ரூ கன்வேயரின் தாத்தா 'ஆர்க்கிமிடிசின் திருகு'. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நைல் நதிக்கரை வயல்களுக்குத் தண்ணீர் ஏற்ற அது உதவியது. பள்ளிப் பாடநூல் இதோடு நின்றுவிடும். ஆனால், கி.மு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதோரஸ் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். ஸ்பெயின் நாட்டு வெள்ளிச் சுரங்கங்களில் தேங்கும் தண்ணீரை அதே திருகால் இறைத்தார்கள். அந்தச் சுரங்கங்களில் இரவு பகலாக உழைத்து உடல் தேய்ந்து செத்தவர்கள் அடிமைகள். திருகின் அறிவுத்திறனை வியந்து எழுதும் அதே பகுதியில் அடிமைகளின் துயரத்தையும் எழுத வேண்டியிருந்தது அவருக்கு.

தண்ணீர் ஏற்றிய திருகைப் படுக்கவைத்துத் தானியம் தள்ளவைத்தவர் அமெரிக்கர் ஆலிவர் எவன்ஸ். 1780களில் டெலவேர் பகுதியில், ஆள் சுமக்காமலே கோதுமை ஏறி, அரைபட்டு, மாவாகி வெளியே வரும் ஆலையை அவர் அமைத்தார். 1790-இல் அமெரிக்க அரசு கொடுத்த மூன்றாவது காப்புரிமை அவருடையது. மாவைக் கிளறி ஆறவைக்கச் சிறுவர்களை வைத்திருந்த வேலையை ஒரு கருவி செய்தது. அந்தக் கருவிக்கே 'ஹாப்பர் பாய்' என்று பெயர். பையனின் வேலை போய், பெயர் மட்டும் இரும்பில் மிஞ்சியது. 1791-இல் ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னான் ஆலையில் இந்த ஏற்பாட்டைப் பொருத்தினார். அந்தப் பண்ணையிலும் ஆலையிலும் உழைத்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் இருந்தார்கள்.

ஸ்பெயின் சுரங்கத்திலும் மவுண்ட் வெர்னானிலும் திருகு வந்ததால் அடிமைத்தனம் போகவில்லை. எந்திரம் சுமையைக் குறைக்கும். ஆனால் எந்திரத்தின் பக்கத்தில் யார் நிற்பது என்பதை எந்திரம் தீர்மானிப்பதில்லை.

நம் ஊரில் உரலும் உலக்கையும் பெண்களின் தோளில் இருந்த காலம் நீண்டது. கூலிக்கு நெல் குத்தியவர்கள் ஏழைப் பெண்கள். 20ஆம் நூற்றாண்டில் ஹல்லர் மில்கள் பரவின. கைக்குத்தல் தொழிலைக் காப்பாற்றும் நோக்கத்தோடு ஒன்றிய அரசு 1958-இல் அரிசி ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. 1960களுக்குப் பிறகு ரப்பர் உருளை போட்ட நவீன ஆலைகள் வந்தன. உடையாத அரிசி எத்தனை சதம் கிடைக்கிறது என்பதே நவீனத்தின் முதன்மையான அளவுகோலானது. எலிவேட்டரும் ஸ்க்ரூ கன்வேயரும் தலைச்சுமையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. 1958 சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உரலையும் உலக்கையையும் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்கள் அல்ல நாங்கள். அது யார் முதுகை ஒடித்தது என்று எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். எங்கள் கேள்வி வேறு. சுமையை இறக்கத் தெரிந்த பொறியியலுக்குச் சத்தத்தை இறக்கத் தெரியாதா?

தெரியாமல் நடந்ததா?

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், சத்தத்தால் செவி போகும் என்று?" இப்படிச் சொல்லித் தப்பிக்க வரலாறு இடம் கொடுக்காது.

செம்புப் பாத்திரம் தட்டுபவர்களின் செவி போவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதிவிட்டார். 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரின் செவியைச் சோதித்தார். இயல்பான கேள்திறன் உள்ளவர் ஒருவர்கூட அவர்களில் இல்லை. ஆங்கிலத்தில் 'கொதிகலன்காரர் செவிடு' என்று ஒரு பெயரே அந்த நோய்க்கு இருந்தது.

அரிசி ஆலைகளைப் பற்றியும் தெரியும். வடகிழக்கு மாநிலங்களில் எட்டு அரிசி ஆலைகளை ஆய்வு செய்து 2008-இல் வெளியான கட்டுரை ஒன்று, தொழிலாளர்களில் சுமார் கால் பங்கினர் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நிற்பதாகச் சொன்னது. சத்தம் பேச்சுக்குத் தடையாக இருப்பதாகக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கூறினார்கள். காரணங்களில் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியவை: மூடப்படாத மோட்டார், நீளமான பெல்ட், மோசமான பராமரிப்பு, ஒலியை யோசிக்காமல் கட்டிய கூடம். ஒவ்வொன்றும் மாற்றக்கூடியது.

செவிக்குள் என்ன நடக்கிறது? உள்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உண்டு. நாள்தோறும் உரத்த சத்தம் பட்டால் அவை சாகும். செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலியைக் கேட்கும் திறன். அதனால் தொடக்கத்தில் 'கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்பார்கள். மெய்யெழுத்துகள் மங்கும். குழந்தைகளின், பெண்களின் குரல் முதலில் விலகிப்போகும். பாட்டாவுக்குப் பேத்தியின் பேச்சு போனது இப்படித்தான். வலி இல்லை, இரத்தம் இல்லை. அதனால் விபத்துப் பதிவேட்டில் ஏறுவதும் இல்லை.

திருகு ஏன் கத்துகிறது? எப்படி அடக்குவது?

பொறியியல் படிக்கும் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். படிக்காதவர்களும் தவறவிட வேண்டாம். "எந்திரம் என்றால் சத்தம் வரத்தான் செய்யும்" என்ற பதிலுக்கு எதிர்ப்பதில் இங்கேதான் இருக்கிறது.

முதல் காரணம் உரசல். தண்டு வளைந்திருந்தாலோ தொட்டி கோணியிருந்தாலோ திருகுத் தகடு தொட்டியின் அடியில் உரசும். நீளமான கன்வேயரில் பத்து, பன்னிரண்டு அடிக்கு ஒரு தொங்கு பேரிங் தண்டைத் தாங்கும். அதன் புஷ் தேய்ந்தால் தண்டு தொய்யும், கிறீச்சிடும். நேர்படுத்துவதும் புஷ் மாற்றுவதும் ஒரு ஃபிட்டரின் வேலை. எண்ணெய் ஊறிய மரத்திலும் நைலானிலும் புஷ்கள் கிடைக்கின்றன. இரும்போடு இரும்பு உரசுவதை அவை தவிர்க்கும்.

இரண்டாவது வேகம். திருகு தள்ளும் அளவு அதன் சுற்றுவேகத்தையும், விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. 9 அங்குலத் திருகு நிமிடத்துக்கு 100 சுற்று ஓடித் தள்ளும் தவிட்டை 12 அங்குலத் திருகு சுமார் 42 சுற்றில் தள்ளிவிடும். பெரிய திருகை மெதுவாக ஓட்டினால் சத்தமும் தேய்மானமும் குறையும். சின்னத் திருகை வாங்கி வேகமாக ஓட்டினால் வாங்கும்போது மிச்சம். அந்த மிச்சத்துக்கு யாரோ ஒருவர் செவியால் வட்டி கட்டுகிறார்.

மூன்றாவது காலி ஓட்டம். தொட்டியில் சரக்கு இருந்தால் அது மெத்தை போல அதிர்வை வாங்கிக்கொள்ளும். தவிடு போன்ற இலேசான சரக்குக்குத் தொட்டியின் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பி ஓடுவது நல்லது. சரக்கே இல்லாமல் மணிக்கணக்கில் ஓடவிட்டால் வெறும் தகரம் அலறும். சுவிட்சை அணைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

நான்காவது மூடி. மெல்லிய தகர மூடி, நாலு போல்ட்டில் இரண்டு காணாமல் போயிருக்கும். அது தாளம் போடும். மூடிக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்து எல்லா போல்ட்டையும் முறுக்கினால் பெரும்பகுதி அடங்கும். தொட்டியின் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு பதிக்கலாம். வெளியே அதிர்வை விழுங்கும் ரப்பர் விரிப்பு ஒட்டலாம். கால்களுக்கு அடியில் ரப்பர் பட்டை கொடுத்தால் அதிர்வு தளத்துக்கும் சுவருக்கும் பரவாது. சரக்கு விழும் வாய்க்கு ரப்பர் உறை போடலாம். மோட்டாருக்கும் சங்கிலிக்கும் உள்பக்கம் ஒலியை உறிஞ்சும் பொருள் வைத்த கூடு செய்யலாம். சாக்குப் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

இந்த மூடி செவியை மட்டும் காப்பதில்லை, கையையும் காக்கிறது. அடைப்பு எடுக்கத் திறந்த மூடியைத் திரும்பப் பூட்டாமல் விட்டால், ஓடும் திருகு விரலையும் கையையும் இழுத்துக்கொள்ளும். ஆபத்தான எந்திரப் பாகங்களை மறைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. செவி மந்தமானவருக்கு "நிறுத்து!" என்ற கூக்குரல் கேட்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சத்தம் இப்படிக் கையையும் தின்னும்.

இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டியது காதடைப்பான். சத்தத்தை மூலத்தில் குறை, பிறகு வழியில் தடு, முடியாத மிச்சத்துக்குத்தான் காதில் பஞ்சு என்பது தொழில்சார் சுகாதாரத்தின் பாலபாடம். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. ஒரு பாக்கெட் காதடைப்பானைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கடமை முடிந்ததாம். தவிட்டுத் தூசியும் வியர்வையுமாக இருக்கும் கையால் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்திரத்தின் நோய்க்கு மனிதருக்கு மருந்து கொடுக்கும் வேலை அது. "நீ ஒதுங்கிப் போ" என்ற பழைய கட்டளையின் வாடை அதில் அடிக்கிறது.

சட்டத்தின் சுவர்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. வேண்டாத சத்தத்திலிருந்து விடுபட்டு வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. நல்லது. ஆனால் இந்த விதிகள் ஆலையின் மதில் சுவருக்கு வெளியேதான்.

சுவருக்கு உள்ளே வேறு கணக்கு. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை போகலாம் என்று இருந்தது. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். வெளியே தூங்குபவரின் செவிக்கு ஓர் அளவு, உள்ளே உழைப்பவரின் செவிக்கு இன்னோர் அளவு. 90 என்பதே அதிகம் என்று உலக அளவில் பலர் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 1998-இல் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று பரிந்துரைத்தது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், 88 என்றால் 4 மணி நேரம்தான் என்றது.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அதாவது, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. 1923 இழப்பீட்டுச் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் அது இருந்தது. ஆனால் அது வைக்கப்பட்டிருந்த பகுதிக்கு ஒரு நிபந்தனை: அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், சீசனுக்கு வந்தவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் மாற்றி எழுதப்படுபவர், ஆலை ஆலையாக அலைபவர் எப்படி நிரூபிப்பார்? இருபது ஆண்டு செவியைக் கொடுத்தவரிடம் ஆறு மாத ரசீது கேட்கிறது சட்டம்.

இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆக முன்பு 10 தொழிலாளர்கள் போதும். புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். நம் மாவட்டத்தில் சிறிய ஆலைகளில் நிற்பவர்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள்.

எட்டு மணி நேரம் என்பது செவிக்கும்தான்

செவிக்கு ஏற்படும் சேதம் சத்தத்தின் அளவு மட்டுமல்ல, நேரத்தின் அளவும் சேர்ந்தது. அதனால் வேலை நேரப் போராட்டம் செவிக்கான போராட்டமும் ஆகிறது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1946 திருத்தம் தொழிற்சாலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. 90 டெசிபல் என்ற கணக்கே அந்த எட்டு மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது. 12 மணி நேரம் ஆக்கினால், அரசின் சொந்தக் கணக்குப்படியே எல்லை சுமார் 87-க்கு இறங்க வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்த பின் மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் செவியைப் பற்றி நாமும்கூடப் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அம்பேத்கரிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாத மக்களைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், அந்த எச்சில் மற்றச் சாதியினருக்குத் தீட்டு என்பது காரணம். 1920களின் இறுதியில் நடந்த வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதை வெளிப்படையாக எழுப்பினார். கவனியுங்கள், பஞ்சாலையில் மிகுந்த இரைச்சல் உள்ள இடம் தறிக்கூடம்தான். அப்படியானால் நம்மவர்களைச் சத்தத்திலிருந்து காப்பாற்றினார்களா? இல்லை. தறிக்கூடத்தில் கூலி அதிகம், அதனால் கதவு மூடியது. சத்தம் உள்ள இடத்திலெல்லாம் தலித்துகள்தான் நிற்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எந்த வேலையில் யார் நிற்பது, எது சகித்துக்கொள்ள வேண்டியது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை என்பதுதான் உண்மை. கூலி கூடுதலாக இருந்தால் விரட்டுவார்கள். கூலியும் குறைவு, தூசியும் சத்தமும் அதிகம் என்றால் அழைப்பார்கள்.

இன்று அந்த மூலையில் சாக்குப் பிடிப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த இளைஞராக இருக்கலாம். அவர் தன் ஊரில் எந்தச் சாதி என்று நாம் கேட்டிருக்கிறோமா? மொழி தெரியாத ஊரில் செவியும் மங்கினால் அவர் நிலை என்ன? வடக்கன் என்று கேலி பேசும் நம் பிள்ளைகளைத் திருத்துவதும் இந்த வேலையின் பகுதி.

என்ன செய்யலாம்?

ஒன்று, கேட்டுப் பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் என்பது எளிய அடையாளம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை. கைப்பேசிச் செயலியின் அளவு நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் மனு எழுதத் தொடக்கமாக உதவும்.

இரண்டு, செவிப் பரிசோதனை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஆலைத் தொழிலாளர்களை அழைத்துச் செல்லுங்கள். ஆடியோகிராம் எடுத்து, மருத்துவரிடம் வேலை என்னவென்று சொல்லி, சீட்டில் எழுதவையுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் மாதத்திலேயே எடுத்துவைத்தால் பின்னால் சான்றாகும்.

மூன்று, வேலைக்கான ஆதாரம். கூலிச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், வங்கிக் கணக்கில் வந்த கூலி, உடன் நின்றவரின் வாக்குமூலம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாத ரசீது கேட்கும் சட்டத்திடம் வேறு மொழி பேச முடியாது.

நான்கு, கோரிக்கையைச் சரியாக வையுங்கள். "காதடைப்பான் கொடு" என்று தொடங்காதீர்கள். புஷ் மாற்று, மூடியைப் பூட்டு, கேஸ்கெட் போடு, காலி ஓட்டத்தை நிறுத்து, வேகத்தைக் குறை, சாக்குப் பிடிக்கும் இடத்தைத் தள்ளி வை. அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் காதடைப்பான். மனுவைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான சான்று வாங்குங்கள்.

பொறியியல் கல்லூரிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. ஆண்டுதோறும் எத்தனையோ புராஜெக்ட் செய்கிறீர்கள். ஒரு வகுப்பு ஓர் ஆலையின் திருகை எடுத்துக்கொண்டு, முன்பும் பின்பும் அளந்து, செலவுக் கணக்கு எழுதிக் காட்டட்டும். "முடியாது" என்ற சொல்லை முதலாளியின் வாயிலிருந்து எடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

படிவத்தை முடித்துக் கைரேகை வாங்கியபோது பாட்டாவிடம் உரக்கக் கேட்டோம்: "அந்த ஸ்க்ரூவை யாராவது சரிபண்ணச் சொல்லியிருக்கீங்களா பாட்டா?" இந்தத் தடவை அவருக்குக் கேட்டது. சிரித்தார்.

"நான் சொன்னது அவியளுக்குக் கேக்கல்ல மக்கா."

வழியில் கூவிக்கொண்டு ஒதுங்கச் சொன்ன காலத்தை நம் முன்னோர் முடித்துவைத்தார்கள். எந்திரம் கத்தட்டும், நீ சகித்துக்கொள் என்று சொல்லும் காலத்தை முடித்துவைப்பது நம் பங்கு.

ஜெய் பீம்!